ஜாம் போட்டு ஜின் காக்டெயில் பண்ணேன், அடியில கட்டியா நிக்குது... எங்க தப்பு?

அரைவேக்காடு எழுதியது:

வணக்கம் மக்களே, ரொம்ப நாளா இங்க நீங்க எல்லாம் எழுதுறத படிச்சிட்டு மட்டும் போயிட்டிருந்தேன், முதல் தடவையா ஒரு கேள்வி கேக்குறேன், கொஞ்சம் நீளமா போனா பொறுத்துக்கங்க.

விஷயம் இதுதான். வீட்ல ஒரு பாட்டில் ஜின் கெடக்கு, கிஃப்டா வந்தது, இன்னும் பாதிகூட காலியாகல. டானிக் வாட்டர் (அதான் அந்த கசப்பு சோடா) ஊத்தி ஊத்தி குடிச்சு அலுத்துப்போச்சு. ஃப்ரிட்ஜ்ல ஸ்ட்ராபெர்ரி ஜாம் ஒரு பாட்டில் அப்படியே நிக்குது, பிரெட்டுல தடவ ஆளில்ல. சரி ரெண்டையும் சேத்து பழ வாசனையோட ஒரு காக்டெயில் போட்டா என்னன்னு சனிக்கிழமை ராத்திரி எறங்கினேன்.

பண்ணது என்னன்னா, கிளாஸ் நெறைய ஐஸ், அதுமேல 60 மிலி ஜின், ரெண்டு பெரிய ஸ்பூன் ஜாம், இனிப்பு பத்தாம போயிருமோன்னு சுகர் சிரப் ஒரு 20 மிலி, அரை எலுமிச்சை பிழிஞ்சு விட்டுட்டு ஸ்பூனால கலக்கினேன். சும்மா இல்ல, அஞ்சு நிமிஷம் கை வலிக்க கலக்கினேன். ஜாம் கரையணுமே! ஐஸ்கட்டியில அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்குது. மேலாப்புல குடிச்சா வெறும் ஜின், தொண்டைய எரிக்குது. அடிக்கு போனா பாகு. நடுவுல ஒரு பழத்துண்டு ஸ்ட்ராக்குள்ள போய் அடைச்சுக்கிச்சு, உறிஞ்சி உறிஞ்சி கன்னம் வலிச்சதுதான் மிச்சம். வீட்டம்மா ஒரு வாய் வெச்சுட்டு "இருமல் மருந்து நல்லா பண்ணிருக்க"ன்னு சொல்லிட்டு டம்ளர கீழ வெச்சவங்க திரும்ப எடுக்கவே இல்ல.

எங்கிட்ட ஷேக்கர் (காக்டெயில் குலுக்குற மூடி போட்ட டப்பா) எல்லாம் கிடையாது. ஜாம சூடு பண்ணி ஊத்தணுமா, இல்ல மிக்ஸில எல்லாத்தையும் போட்டு அடிச்சுட்டா முடிஞ்சுதா, இல்லன்னா ஜின் பாட்டிலுக்குள்ளயே ஜாம போட்டு ஒரு வாரம் ஊற வெச்சுட்டா வேலை மிச்சமான்னு எல்லாம் யோசிச்சுட்டு இருக்கேன். பண்ணிப் பாத்தவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.

---

சும்மா_ஒருத்தி எழுதியது:

மிக்ஸி வேணாம் ப்ரோ. நான் போட்டேன். ஒரே நுரை, மேல மூணு விரல் உசரத்துக்கு சோப்பு நுரை மாதிரி நின்னுது, கீழ கலங்கலா ஒரு திரவம். அதுவும் நான் போட்டது ராஸ்பெர்ரி ஜாம், அந்த விதையெல்லாம் அரைபட்டு நாக்குல மணல் மாதிரி நெருடுச்சு, கூடவே ஒரு கசப்பு. மிக்ஸி ஜார்ல ஜின் வாசனை போக ரெண்டு நாள் ஆச்சு, அடுத்த நாள் காலைல அதுல அரைச்சதெல்லாம்... சரி விடுங்க.

---

மார்மலேட்_மாமா எழுதியது:

தம்பி, உன் கிளாஸுக்குள்ள எவ்ளோ சர்க்கரை போச்சுன்னு முதல்ல ஒரு கணக்கு போட்டுருவோம், பாதி நோய் அங்கயே தெரிஞ்சுரும்.

ஜாம்ல ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு சர்க்கரைதான். ஒரு டேபிள்ஸ்பூன் ஜாம் 20 கிராம்னு வை, அதுல 12, 13 கிராம் சர்க்கரை. நீ போட்டது ரெண்டு. அதுவே 25 கிராம் தாண்டிருச்சு. அதுக்கும் மேல 20 மிலி சிரப், சர்க்கரையும் தண்ணியும் சம அளவுல காய்ச்சினதுன்னா அது இன்னொரு 12 கிராம். ஆக ஒத்த கிளாஸ்ல 37 கிராம் கிட்ட இனிப்பு, அத வெட்டுறதுக்கு அரை எலுமிச்சை! பாவம் அது மட்டும் என்ன பண்ணும். உங்க வீட்டம்மா சொன்னதுல தப்பே இல்ல. இருமல் மருந்துன்னு நாக்கு எத சொல்லுதுன்னா, இனிப்பு தூக்கலா இருக்கு, புளிப்பு பத்தல, பின்னாடி மருந்து வாசனையா, ஜின்ல வாசனைக்கு போடுற ஜூனிபர்ங்கிற காய் வருது. இந்த மூணும் சேந்தா இருமல் மருந்தேதான்.

ஜாம் போட்டா சிரப் கிடையாது. ஜாம்தான் உன் சிரப். இத மட்டும் மண்டையில ஏத்திக்க.

அளவு நான் போடுறது: ஜின் 50 மிலி, எலுமிச்சை சாறு 25 மிலி, ஜாம் ஒரு டேபிள்ஸ்பூன் தலைதட்டி. கோபுரம் மாதிரி அள்ளாத, ஸ்பூன் விளிம்போட வழிச்சு விட்ரு. அவ்ளோதான்.

அடுத்தது வரிசை. நீ ஐஸ்ல ஆரம்பிச்ச பாரு, அங்கதான் கவுந்த. ஜாம் ஏற்கனவே கெட்டி, குளுந்தா இன்னும் இறுகும், அத கொண்டுபோய் ஐஸ் மேல போட்டா ஒட்டாம என்ன பண்ணும். ஜாம முன்கூட்டியே ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து வெளிய வெச்சுரு. வெறும் கிளாஸ்ல ஜாம், அதுமேல எலுமிச்சை சாறு, வேற எதுவும் வேணாம், முள்கரண்டியால ஒரு அரை நிமிஷம் அடி. முதல்ல சாறு தனியா ஜாம் தனியா வழுக்கிட்டு ஓடும், அப்புறம் திடீர்னு ரெண்டும் ஒண்ணாகி கரண்டிய தூக்கினா பின்னாடி பளபளன்னு மெல்லிசா ஒழுகும். அந்த பதம் வந்ததும் ஜின்ன கொஞ்சம் கொஞ்சமா விட்டு கலக்கு. ஐஸ் கடைசில.

ஷேக்கர் இல்லன்னா கவலைப்படாத, வாயகன்ற மூடி போட்ட கண்ணாடி பாட்டில் போதும், காலி ஜாம் பாட்டில விட நல்ல ஷேக்கர் எது. முக்கால் பங்குக்கு மேல நெப்பாத, ஐஸ் உருள எடம் வேணும். மூடிய இறுக்கி, ஒரு துணிய சுத்திப் புடிச்சு 12 லேர்ந்து 15 செகண்ட் நல்லா வேகமா குலுக்கு. கையில குளிர் சுரீர்னு ஏறும், பாட்டில் வெளில வேர்க்கும், அப்ப நிறுத்து. அதுக்கப்புறம் டீ வடிகட்டியில வடிகட்டி ஊத்து. வடிகட்டி சட்டுனு அடைச்சுக்கும், ஸ்பூன வெச்சு அழுத்தாத, அழுத்தினா சக்கையெல்லாம் கீழ எறங்கிரும், விளிம்புல லேசா தட்டிக்கிட்டே இருந்தா தானா எறங்கும்.

இது ஒண்ணும் நான் கண்டுபிடிச்ச வித்தை இல்லப்பா. 1930ல வந்த லண்டன் சவாய் ஹோட்டல் காக்டெயில் புத்தகத்துலயே, அங்க பார்டெண்டரா இருந்த ஹாரி கிராடாக் மார்மலேட் (ஆரஞ்சுத் தோலோட காய்ச்சுற ஜாம்) போட்டு ஒரு ஜின் காக்டெயில் எழுதி வெச்சிருக்காரு. அதுல கவனிக்க வேண்டியது அளவு, ஆறு பேருக்கு மொத்தமா ரெண்டு ஸ்பூன் மார்மலேட்தான். நீ ஒத்தை ஆளுக்கு ரெண்டு ஸ்பூன் போட்ருக்க. அப்புறம் 1990கள்ல லண்டன்ல லேன்ஸ்பரோ ஹோட்டல் பார்ல இருந்த சால்வத்தோரே கலபிரேசே பண்ண பிரேக்ஃபாஸ்ட் மார்ட்டினி. மனுஷன் காலைல காபியோட ஓடுற ஆள், மனைவி புடிச்சு உக்காரவெச்சு டோஸ்ட்டும் மார்மலேடும் குடுக்க, அந்த பாட்டில அப்படியே பாருக்கு தூக்கிட்டு போய் பண்ணதுன்னு அவரே சொல்லுவாரு. ஜின் 50, ஆரஞ்சு லிக்கர் (பழ வாசனையோட இருக்குற இனிப்பு மது) 15, எலுமிச்சை 15, மார்மலேட் ஒரு ஸ்பூன். மார்மலேட்ல தோலோட கசப்பு இருக்குறதால ஜின்னுக்கு அப்படி பொருந்தும். என் பேரு ஏன் இப்படின்னு இப்ப புரிஞ்சிருக்கும்.

---

சும்மா_ஒருத்தி எழுதியது:

மாமா சொல்றதுல ஒண்ணே ஒண்ணு சேத்துக்கறேன், சோடா ஊத்துறதா இருந்தா கிளாஸ்ல ஊத்துங்க, தயவு செஞ்சு பாட்டில்ல ஊத்தி குலுக்காதீங்க. எங்க வீட்ல மூடி பறந்து, சீலிங்ல இருந்து ஸ்ட்ராபெர்ரி சொட்டுச்சு. மறுநாள் எறும்பு வரிசையா சுவத்துல ஏறிப் போயிட்டு இருந்துச்சு, அதுங்களுக்கு மட்டும்தான் அன்னைக்கு பார்ட்டி.

---

பெக்டின்_பையன் எழுதியது:

ஃபுட் டெக்னாலஜி படிச்சவன், அதனால இந்த த்ரெட்ல வாய மூடிட்டு போக முடியல.

ஜாம் ஏன் கெட்டியா இருக்குன்னா பெக்டின். பழத்தோட செல் சுவர்ல இருக்குற நார்ச்சத்து, சர்க்கரையும் அமிலமும் சேரும்போது வலை மாதிரி பின்னிக்கிட்டு தண்ணிய உள்ள புடிச்சு வெச்சுக்கும். இதுல முக்கியமான சமாச்சாரம், பெக்டின் தண்ணில கரையும், ஆல்கஹால்ல கரையாது. வீட்ல ஜாம் காய்ச்சுறவங்க ஒரு பழைய டெஸ்ட் வெச்சிருக்காங்க, பழச்சாறு ஒரு ஸ்பூன எடுத்து நல்ல வீரியமான ஆல்கஹால்ல விடுவாங்க, பெக்டின் நெறைய இருந்தா கண்ணு முன்னாடியே ஜெல்லி உருண்டையா திரண்டுக்கும், கம்மின்னா அங்கங்க துணுக்கா நிக்கும். (அத குடிக்கக் கூடாது, டெஸ்ட்டுக்கு எடுக்கறது குடிக்கிற ஆல்கஹால் இல்ல.) ஜின்ல அவ்ளோ வீரியம் இல்ல, 40 சதவீதம்தான், ஆனாலும் ஜாம நேரா வெறும் ஜின்ல போட்டா கரையறதுக்கு சோம்பேறித்தனம் பண்ணும். மாமா எலுமிச்சை சாறுல முதல்ல அடிக்க சொன்னாரே, அதோட காரணம் இதுதான், சாறுங்கிறது பெரும்பாலும் தண்ணி, ஜாம் அதுல நல்லா பிரிஞ்சதுக்கு அப்புறம் ஜின் வந்தா பிரச்சனை இல்ல.

அதனால பாட்டிலுக்குள்ள ஜாம் போட்டு ஊற வெக்கிற யோசனைய இப்பவே கைவிடுங்க. ஜாம் கீழ உக்காந்துக்கும், மேல கலங்கல், ஒரு பாட்டில் ஜின்னும் போச்சு. வெந்து போன பழத்துல இருந்து ஊற வெச்சு எடுக்க புதுசா ஒண்ணும் இல்ல, சர்க்கரைதான் எறங்கும். ஊறல் போடணும்னா பழமா போடுங்க. ஸ்ட்ராபெர்ரிய நறுக்கி போட்டு மூணு நாலு நாள்ல துண்டெல்லாம் வெளுத்துப்போய் பேய் மாதிரி மிதக்கும், கலரும் வாசனையும் மொத்தமா ஜின்னுக்கு வந்திருக்கும், உடனே வடிகட்டிரணும். ஆனா அது வேற சரக்கு, ஜாம் காக்டெயில் வேற.

ஒரு நல்லது என்னன்னா அதே பெக்டின்தான் குலுக்கும்போது கொஞ்சம் நுரையும், வாயில ஒரு வழவழப்பும் குடுக்கும். முட்டை வெள்ளைக்கரு போட்டு பண்ற காக்டெயிலோட அந்த பட்டு மாதிரி இருக்குற தன்மை பாதிக்கு வந்துரும், பச்சை முட்டை பயம் இல்லாம.

---

ஃப்ரிட்ஜ்_நிர்வாகி எழுதியது:

எல்லாரும் கிளாஸ் கிளாஸா முள்கரண்டியால அடிச்சிட்டே இருங்க, நான் வாரத்துக்கு ஒரு தடவை சிரப்பா பண்ணி வெச்சுக்கறேன். ஜாம் 100 கிராம், கொதிக்கிற தண்ணி 100 மிலி, கரையுற வரைக்கும் கிண்டு, சூடா இருக்கும்போதே வடிகட்டு (ஆறினா வடிகட்டி அடைச்சுக்கும்), ஆறவிட்டு பாட்டில்ல ஊத்தி ஃப்ரிட்ஜ்ல. விருந்தாளி நாலு பேர் வந்தா ஆளுக்கு 30 மிலி அளந்து ஊத்தினா முடிஞ்சுது. விதை கிடையாது, கட்டி கிடையாது, ஸ்ட்ரா அடைக்காது.

---

மார்மலேட்_மாமா எழுதியது:

நிர்வாகி, உங்க சிரப்ல 100 மிலி தண்ணிய நீங்களே சேத்துட்டீங்க, அப்புறம் ஐஸ்ல இருந்து வேற தண்ணி எறங்கும். அளந்து பாத்தா தெரியும், 90 மிலி உள்ள போட்டு குலுக்கினா 120 கிட்ட வெளிய வரும். தண்ணி மேல தண்ணி. அதுவுமில்லாம மறுபடி சூடு பண்ணா பழ வாசனை போயிரும்.

---

ஃப்ரிட்ஜ்_நிர்வாகி எழுதியது:

மாமா கோச்சுக்காதீங்க, ஜாம் பதம் வர்றதே 104, 105 டிகிரில. அவ்ளோ கொதிச்சு தப்பிச்ச வாசனை என் வெந்நிக்கா பயந்து ஓடப்போகுது?

தண்ணி விஷயம் ஒத்துக்கறேன். அதுக்குத்தான் நான் குலுக்குறது கம்மி, எட்டு பத்து செகண்ட் போதும். இல்லன்னா தண்ணிய பாதியாக்கி கெட்டியா பண்ணிக்கலாம், அப்ப 20 மிலி போதும். ஒண்ணு மட்டும் சொல்லிரணும், ஜாம் கெடாம இருக்குறதே அந்த சர்க்கரை அடர்த்தியாலதான், தண்ணி சேத்ததும் அந்த பாதுகாப்பு போச்சு. ஒரு வாரத்துக்கு மேல வெக்காதீங்க. என்னோடது ஒரு தடவை ரெண்டாவது வாரத்துல மூடிய தொறந்ததும் புஸ்ஸுனு ஒரு சத்தம், அப்புறம் புளிச்ச வாடை. நேரா சிங்க்ல.

---

மார்மலேட்_மாமா எழுதியது:

104 டிகிரி பாயிண்ட் நியாயம்தான். ஒத்துக்கறேன். ஆனாலும் ஒருத்தர் ரெண்டு பேருக்குன்னா முள்கரண்டிதான்.

---

அரைவேக்காடு எழுதியது:

ஐயோ இவ்ளோ பதில் வரும்னு நெனைக்கல, எல்லாருக்கும் நன்றி. 37 கிராம்னு மாமா போட்ட கணக்க பாத்துட்டு வீட்டம்மா ஒரு பார்வை பாத்தாங்க, அத இங்க எழுத முடியாது.

நேத்து ராத்திரி மறுபடி போட்டேன். தலைதட்டி ஒரு ஸ்பூன், எலுமிச்சை சாறு 25, முள்கரண்டி. மாமா சொன்ன அந்த பளபளன்னு ஒழுகுற பதம் வந்துச்சு, பாக்கவே சந்தோஷமா இருந்துச்சு. காலி பாட்டில்ல குலுக்கி வடிகட்டினேன். கலர் சூப்பர், லேசா மேல பிங்க் நுரை. கட்டி இல்ல. ஆனா ரெண்டு பிரச்சனை. ஒண்ணு, சப்புனு தண்ணியா இருக்கு, நான் 15 செகண்ட்தான் குலுக்கினேன் சத்தியமா. ரெண்டாவது, கடைசில நாக்குல ஒரு மிட்டாய் வாசனை நிக்குது, பழமா இல்ல, குழந்தைங்க டூத்பேஸ்ட் மாதிரி. இத எப்படி சரி பண்றது? டானிக் ஊத்தினா அந்த வாசனை அமுங்குமா?

---

பெக்டின்_பையன் எழுதியது:

டூத்பேஸ்ட்டுக்கு பதில் உங்க ஜாம் பாட்டில் லேபிள்லயே இருக்கும், திருப்பிப் பாருங்க. சேர்மானம் எது அதிகமோ அதுதான் முதல்ல எழுதியிருக்கும். முதல்ல சர்க்கரை, அப்புறம் பழக்கூழ், கடைசில ஃப்ளேவர், கலர்னு இருந்தா அதான் வாசனை. பிரெட்டுல தடவும்போது வெண்ணெய் எல்லாம் சேந்து அது தெரியாது, காக்டெயில்ல ஒளிய எடம் இல்ல. பழம் முதல்ல இருக்குற ஜாமா ஒண்ணு வாங்குங்க.

இருக்குற பாட்டில தூக்கிப் போட வேணாம், எலுமிச்சைய ஒரு 5 மிலி ஏத்துங்க, ஒரு சிட்டிகை உப்பு போடுங்க. உப்பு கரிக்கிற அளவுக்கு இல்ல, ரெண்டு விரல் நுனில ஒட்டுற அளவு. அதோட அஞ்சாறு மிளகு தட்டிப் போட்டு குலுக்கி வடிகட்டிப் பாருங்க. ஸ்ட்ராபெர்ரிக்கும் மிளகுக்கும் ஒரு பொருத்தம் உண்டு, மிட்டாய் வாசனைய கொஞ்சம் தரையில எறக்கிரும்.

டானிக் யோசிச்சு ஊத்துங்க, கசப்பா இருக்குறதால சர்க்கரை இல்லன்னு நெனைச்சுக்குறோம், சாதாரண டானிக்ல 100 மிலிக்கு 8 கிராம் கிட்ட சர்க்கரை இருக்கும். டானிக் ஊத்துறதா இருந்தா ஜாம பாதியாக்கணும். சோடா நல்லது.

---

சும்மா_ஒருத்தி எழுதியது:

தண்ணியா இருக்குன்னா ஐஸ்தான் ப்ரோ. ஃப்ரீசர்ல இருந்து எடுத்து கிண்ணத்துல கொட்டி வெச்சுட்டு அப்புறம் ஜாம் அடிக்க ஆரம்பிச்சீங்களா? அடிச்சு முடிக்கிறதுக்குள்ள ஐஸ் வேர்த்து பாதி தண்ணி ஆகிருக்கும், அந்த தண்ணியும் சேந்து உள்ள போயிருக்கும். விரல்ல தொட்டா ஒட்டணும், வழுக்கினா அது ஈர ஐஸ். கடைசி நிமிஷத்துல எடுங்க. அப்புறம் கம்மியா போட்டா சீக்கிரம் உருகும், நெறைய போட்டா மெதுவா உருகும், எனக்கும் இது புரிய நாளாச்சு, ஐஸ் மிச்சம் புடிச்சா காக்டெயில் தண்ணியாகும்.

---

ராத்திரி_ஷிஃப்ட் எழுதியது:

குறுக்க வர்றேன். எல்லாரும் சர்க்கரைக் கணக்கு போட்டாச்சு, இன்னொரு கணக்கும் இருக்கு. 40 சதவீத ஜின் 50 மிலின்னா சுத்தமான ஆல்கஹால் 20 மிலி, பிரிட்டன்ல எண்ணுற கணக்குல இது 2 யூனிட். ஜாம் போட்டது ஜூஸ் மாதிரி எறங்குறதால ரெண்டாவது கிளாஸ் வர்ற வேகம் வேற மாதிரி இருக்கும். அளவு கப் இல்லாம பாட்டில கவுத்து ஊத்துற பழக்கம் இருந்தா அத மட்டும் விட்ருங்க, கண்ணளவுல 50ன்னு நெனைச்சு ஊத்துறது அளந்து பாத்தா 80 இருக்கும், எங்க வீட்லயே அளந்து பாத்தது.

கேக்கணும்னு நெனைச்சேன், எனக்கு மறுநாள் டியூட்டி இருக்குற ராத்திரிக்கு ஜின் இல்லாம இத பண்ணா நல்லா வருமா?

---

ஃப்ரிட்ஜ்_நிர்வாகி எழுதியது:

வரும். என் சிரப் 30, எலுமிச்சை 20, மீதி சோடா. எலுமிச்சைத் தோல ஒரு துண்டு சீவி கிளாஸ் மேல முறுக்கி விட்டீங்கன்னா அந்த எண்ணெய் மேல தெறிக்கும், ஜின்ல இருக்குற சிட்ரஸ் வாசனைல பாதி கிடைச்சுரும். ஜூனிபர் காய்ஞ்ச பழம் கெடைச்சா நாலஞ்ச நசுக்கி சிரப் காய்ச்சும்போதே போட்டு வடிகட்டுங்க, ஜின்னோட அடையாளமே அதுதான். ஏமாந்து போற அளவுக்கு இருக்கும்னு சொல்லமாட்டேன்.

---

அரைவேக்காடு எழுதியது:

அப்டேட். ஐஸ கடைசில எடுத்தேன், எலுமிச்சை 30, உப்பு, மிளகு. அளவு கப்பும் எடுத்தேன், ராத்திரி ஷிஃப்ட் சொன்னது உண்மை, நான் 60ன்னு ஊத்திட்டு இருந்தது 85.

ஜாம் பாட்டில்ல அடில வழிச்சு எடுக்க முடியாம சுவரெல்லாம் ஒட்டிக்கிட்டு கொஞ்சம் இருந்துச்சு, ஒரு ஸ்பூன் தேறும். தனியா எடுத்து அளக்க சோம்பலா இருந்ததால எலுமிச்சைய அந்த பாட்டிலுக்குள்ளயே ஊத்தி, மூடி போட்டு, முதல்ல ஐஸ் இல்லாம ஒரு குலுக்கு. கண்ணாடில ஒட்டியிருந்த சிவப்பெல்லாம் வழிஞ்சு எறங்கி பாட்டில் சுத்தமா தெளிஞ்சுருச்சு. அப்புறம் ஜின், ஐஸ், மறுபடி குலுக்கு. ரெண்டு டம்ளர்ல பாதி பாதியா வடிகட்டினேன், மேல கொஞ்சம் சோடா.

வீட்டம்மா குடிச்சாங்க. ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு என் டம்ளர எடுத்து குடிச்சிட்டு இருந்தாங்க.

மிளகு வேலை செஞ்சுது பையா, டூத்பேஸ்ட் போயிருச்சு, முழுசா இல்ல, முக்கால்வாசி. இப்ப ஜாம் காலி, ஜின் இன்னும் கால் பாட்டில் இருக்கு. அடுத்து என்ன ஜாம் வாங்கலாம்?

---

மார்மலேட்_மாமா எழுதியது:

பாட்டில்லயே குலுக்கினது அருமை, அடில ஒட்டின ஜாமுக்கு அதவிட நல்ல வழி கிடையாது.

என்ன கேட்டா மார்மலேட்னுதான் சொல்லுவேன், அது தெரிஞ்ச விஷயம். ஆனா கால் பாட்டில்தான் இருக்குன்னா பிளாக்பெர்ரி ஜாம் வாங்கு. 1980கள்ல லண்டன்ல டிக் பிராட்செல்னு ஒருத்தர் பிராம்பிள்னு ஒரு காக்டெயில் பண்ணாரு, ஜின், எலுமிச்சை, கொஞ்சம் சுகர் சிரப், பொடிச்ச ஐஸ், கடைசில மேல பிளாக்பெர்ரி லிக்கர ஊத்தி விடுவாரு, அது ஐஸுக்குள்ள கருஞ்சிவப்பா நரம்பு நரம்பா எறங்கும். லிக்கருக்கு பதிலா ஜாம்தான் நம்ம ஆளு. இங்க மட்டும் நான் முன்னாடி சொன்னதுக்கு நேர்மாறு, ஜாம கலக்காத. ரெண்டு டீஸ்பூன் ஜாம ஒரு டீஸ்பூன் வெந்நில தளர்த்தி வடிகட்டி தனியா வெச்சுக்க. ஜின் 50, எலுமிச்சை 25, சிரப் 5 மிலி, இத மட்டும் குலுக்கி, துணில சுத்தி பூரிக்கட்டையால நொறுக்கின ஐஸ் மேல வடிகட்டி ஊத்தி, கடைசில அந்த ஜாம் தண்ணிய சுத்தி விடு. சிரப்பே கூடாதுன்னு சொன்னவன் 5 மிலி போட சொல்றானேன்னு கேக்காத, ஜாம் மேல இருந்து எறங்கி வர்ற வரைக்கும் கீழ வெறும் புளிப்பா இருக்கும், அதுக்குத்தான்.

---

சும்மா_ஒருத்தி எழுதியது:

பிளாக்பெர்ரிலயும் விதை இருக்கும், வடிகட்ட மறந்துராதீங்க. மிக்ஸி பக்கம் போகாதீங்க.